அப்பாவின் சுருங்காத விரல்

ஜூன் 3
போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். அக்கா கண்ணில் இந்த நோட்டு பட்டால் பள்ளி முழுக்க நடித்தே காட்டிவிடுவாள்.

அறிவியல் டீச்சர் என் பெயரை எழுதிவிட்டார். பதினான்காம் தேதி எல்லா வகுப்புக்கும் முன்னால் மூன்று நிமிடம் அறிவியல் பேச வேண்டும். போன வருடம் மேடையில் வணக்கம் சொல்லிவிட்டு அழுதவள் நான். "அதனாலதான் உன்னைப் போட்டேன்" என்கிறார். இந்த முறையும் அழுதால் வேறு பள்ளிதான்.

ஜூன் 4
அறிவியலை எளிமையாகச் சொல்லிப் பழக டீச்சர் கொடுத்தவை: நூலகப் புத்தகம் ஒன்று, இணையத்தில் இலவசப் பாடங்கள் பன்னிரண்டு. எல்லாம் படித்த பிறகுதான் வாயைத் திறப்பேன். அதற்குள் பள்ளிப் படிப்பே முடிந்துவிடும். நல்லது.

ஜூன் 7
முதல் பாடம்: ஒருவரிடம் சொல்லிப் பார், அவர் கடிகாரத்தைப் பார்த்தால் நிறுத்து. அக்காவிடம் போனேன். நான் தொடங்குமுன்பே பார்த்தாள்.

ஜூன் 8
அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியிருக்கும். அதையே தலைப்பாக்கினேன். "தோல் தண்ணியைக் குடிச்சு ஊதிடும்மா, அதான்."

அம்மா தலையாட்டினாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அப்பா ஈரக்கையை நீட்டினார். "அப்ப இது மட்டும் ஏன் குடிக்கல?"

அச்சகத்தில் வெட்டுப்பட்டு உணர்ச்சி போன ஆள்காட்டி விரல். மற்றதெல்லாம் சுருங்கியிருக்க, அது மட்டும் வழவழவென்று!

போச்சு. எல்லாம் போச்சு.

ஜூன் 10
மேடை வேண்டாம் என்று சொல்லத்தான் டீச்சரிடம் போனேன். அப்பா விரலைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை என் பக்கம் இழுத்தார். "நரம்பும்மா! நரம்பு கட்டளை போட்டு உள்ள ரத்தக்குழாய் சுருங்கினாத்தான் மேல்தோல் மடியும். இது எத்தனையாவது பாடத்துல இருந்துச்சு?"

எந்தப் பாடத்திலும் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில், டீச்சர்.

ஜூன் 13
நாளைக்கு மேடை. இன்னும் ஒன்பது பாடம் பாக்கி.

ஜூன் 14
வணக்கம் சொன்னேன். எழுதி வைத்த முதல் வரி மறந்தது. இரண்டாவதும். கண்ணீர் முட்டியது. பிறகு, எப்படி வந்ததோ — "எங்கப்பாவுக்கு ஒரு விரல் மட்டும் தண்ணியில சுருங்காது. ஏன் சொல்லுங்க?"

ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டீச்சர்தான் கடைசியில் மணியடித்து என்னை நிறுத்தினார்.

ஜூன் 15
காலையிலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் வாசலில். விரலைப் பார்க்க வேண்டுமாம். அப்பா அரை மணி நேரம் வாளிக்குள் கைவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வரிசையில் நிற்க வைத்தது அக்கா.

"எந்த விரல்னு நீங்களா சொல்லிடாதீங்கப்பா. அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

அது நூலகப் புத்தகத்தின் நாலாவது அத்தியாயம். இவளுக்கு எப்படித் தெரியும்?

இப்போதுதான் பார்த்தேன். நூலகப் புத்தகம் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.