தோல் பவளத்தின் இன்னொரு பாதி

ஜனவரி 6

என்னங்க,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடாத ஆளிடம் கேட்டு என்ன பயன்? போனில் கேட்டால் இருமி இருமி மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

ஹாலில் நீங்கள் வைத்துவிட்டுப் போன கடல் தொட்டியில் பவளங்கள் எல்லாம் முகத்தைச் சுருக்கிக்கொண்டன. தண்ணீர் வற்ற வற்ற நான் உப்புத் தண்ணீர்தானே கரைத்து ஊற்றினேன்? கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும்! பொத்தான் பவளம் கடையை மூடிவிட்டது. குடை மாதிரி நிற்குமே தோல் பவளம், அதன் மேல் மெழுகு பூசியதுபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. பயந்துபோய் அக்வேரியம் கடைக்காரரை வரவழைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சார் வெட்டி எடுத்துட்டுப் போனாரே இன்னொரு பாதி, அது எப்படிம்மா இருக்கு?" என்றார்.

எந்தப் பாதி? வெட்டி வைத்தால் தனியாக வளருமாம், அவர்தான் சொன்னார். ஒரு வருஷ மாற்றலில் போனவர், லாட்ஜ் அறையில் கட்டிலும் பக்கெட்டும்தான் இருக்கிறது என்று சொன்னவர், பவளத்தை எங்கே வைத்திருக்கிறார்?

உங்கள் வீட்டுக்காரி

ஜனவரி 15

அன்புள்ள சி.ஐ.டி. அம்மாவுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீ அதுகளை ஊறுகாய் போடப் பார்த்திருக்கிறாய். தினம் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று. ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காதே. உப்பு சரியான பிறகு, வற்றுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும்.

தோல் பவளம் சாகவில்லை. தோல் உரிக்கிறது. செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதே. பம்பின் ஓட்டம் அதன்மேல் படும்படி திருப்பி வை. இன்று காலைகூட லேசாக ஊதிவிட்டேன், ஏடு மாதிரி கழன்று வந்தது.

கடைக்காரர் பேச்சை விடு. வியாபாரி, எல்லோரிடமும் ஏதாவது கேட்பார். நீ போனில் கேட்ட போட்டோ இதோடு இருக்கிறது. இளைத்துவிட்டேனா பார்.

உன் மீன்காரன்

ஜனவரி 23

என்னங்க,

இளைக்கவில்லை. முகத்தில் நல்ல தெளிச்சி. அதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

"இன்று காலைகூட ஊதிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தத் தொட்டியில் ஊதினீர்கள்? நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். உங்கள் கண்ணாடிக்கு அளவெடுத்தவளே நான்தான். போட்டோவில் அதன் இரண்டு வில்லைகளிலும் நீலமாக ஒரு சின்னக் கட்டம் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்க்க என் கடையில் லென்ஸுக்கா பஞ்சம்? பவளத் தொட்டிக்குப் போடுகிற அந்த நீல விளக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் அதன் முன்னால்தான் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டைக் காலர் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. யார் தேய்த்தது? நீங்கள் ஆபீஸ் போன பின் அந்தத் தொட்டிக்கு யார் காவல்? யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று. "தொட்டி செட் ஆகவே ஒரு வருஷம் புடிக்கும். வீடு மாத்துறவன் இதைத் தொடவே கூடாது" என்று வாங்கிய அன்று சொன்னது நீங்கள்தானே? ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறவர் அங்கே எதற்குத் தொட்டி வைத்தார்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

பிப்ரவரி 4

அம்மாடி,

யாரும் இல்லை. சட்டையைத் தேய்ப்பது கீழ்த்தளத்து லாண்ட்ரி. சத்தியமாக யாரும் இல்லை.

மாற்றல் ஒரு வருஷம் இல்லை. நிரந்தரம். கிளம்பும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெரிய பதவி, இந்த வயதில் மறுபடி வராது. கடையை விட்டு நீ வர மாட்டாய். கேட்டால் வேண்டாம் என்பாய், நானும் நின்றுவிடுவேன். அதனால் கேட்கவே இல்லை. பவளத்தில் பாதியை டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன்.

இப்போது இருப்பது இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் உனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வாயேன். தொட்டியை நானே வந்து கட்டி எடுத்துக்கொள்கிறேன்.

உன் மீன்காரன்

பிப்ரவரி 12

வணக்கம்.

யாரும் இல்லை என்பதை நம்புகிறேன். யாராவது இருந்திருந்தால் அவளோடு சண்டை போட்டிருப்பேன். என் பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்களே, இதற்கு யாரோடு சண்டை போட? கேட்டிருந்தால், "போங்க, நல்லா இருங்க, மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். பெட்டியைக்கூட நானே அடுக்கியிருப்பேன்.

தோல் பவளம் ஏட்டை உதறிவிட்டு விரிந்துவிட்டது, முன்னைவிடப் பெரிதாக. கடைக்காரர் வந்து பார்த்து, "நல்லா வளந்துடுச்சும்மா, இன்னொரு துண்டு வெட்டலாம்" என்றார். வேண்டாம் என்றேன்.

ஜன்னலோர நாற்காலியில் ஈரத் துணி காயப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பக்குவம் எனக்கே கைவந்துவிட்டது, அதற்காகவும் எழுத வேண்டியதில்லை.

தொட்டியைக் கட்ட வராதீர்கள். வீடு மாற்றுகிறவர் இதைத் தொடக் கூடாது.

தொட்டிக்காரி