தொண்ணூறோடு நிற்கிற ரேடியோ

மே 9, சனி
காலையில் மழை, பத்து மணிக்கு வெயில், திரும்ப மழை. கொடியில் போட்ட உடுப்பை மூன்று தரம் உள்ளே எடுத்தாயிற்று.

டொரன்டோப் பெட்டி வந்துவிட்டது. இங்கே ஒரு கலியாணத்துக்கு வந்த ஆட்களிடம் பெரியண்ணா கொடுத்து விட்டது. உள்ளே:
சாட்டலைட் ரேடியோ, 1
கூரையில் ஒட்டுகிற காந்த அன்ரனா, 1
அண்ணியின் மிளகாய்த்தூள், கடிதத்தில் மட்டும். எயர்போர்ட்டில் எடுத்துவிட்டார்களாம்.

நான்தான் கேட்டேன். போன முறை டொரன்டோ போனபோது அண்ணாவின் காரில் இது இருந்தது. நூற்றுக்கு மேல் ஸ்டேஷன். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒன்று, பழைய ஆங்கிலப் பாட்டுக்கு ஒன்று, பிரசங்கத்துக்கு இரண்டு. அண்ணா சொன்னார், "உனக்குப் பிடிச்சதை வை, பிள்ளை." முன் சீற்றில் இருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. கலியாணம் முடித்த நாளில் இருந்து காருக்குள் ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் காரில் செய்தி. செய்தி முடிந்தால் மௌனம். ரேடியோக் குமிழ் என் மனுஷனுடையது.

இப்போது எனக்கென்று ஒரு கார். சின்னது, வெள்ளி நிறம், ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே கப்பலில் வந்தது. மார்ச்சில் ஃபுல் லைசன்ஸ் கிடைத்த கிழமையே வாங்கினேன். மூன்றாம் தரம்தான் பாஸ் பண்ணினேன் என்பதை இவர் லின்ஃபீல்ட் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். சொல்லட்டும்.

பின்னேரம் தனியாக வைகோவாய் பார்க்குக்குப் போனேன். கடலுக்கு மேலே திறந்த வானம், மறைக்க ஒரு மரமும் இல்லை. அன்ரனாவைக் கூரையில் வைத்தேன். "சிக்னல் இல்லை." காரை மற்றப் பக்கம் திருப்பினேன். இல்லை. அன்ரனாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை. மழை வந்தது.

மே 10, ஞாயிறு
சேர்ச்சில் பூசை முடிந்ததும் அண்ணாவுக்கு ஃபோன் அடித்தேன். சிக்னல் இல்லை என்றதும்தான் அவருக்கு விளங்கியது: "ஐயோ பிள்ளை, அந்த சாட்டலைட் அமெரிக்காவுக்கு மேலையெல்லோ நிக்குது. உங்களுக்கு உலகம் மற்றப் பக்கம்."

எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அங்கே நல்லது என்றால் பெட்டியில் போட்டு அனுப்புவது, இங்கே நல்லது என்றால் பெட்டியில் போட்டு அனுப்புவது. நாங்கள் உலகம் முழுக்க இதைத்தானே செய்கிறோம்.

இவர் சிரித்தார். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "வானத்தைப் பிடிக்கப் போனவ நனைஞ்சுகொண்டு வந்தா!"

மகள் ஷெரன் ஃபோனில் இருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, ஜஸ்ட் யூஸ் யுவர் ஃபோன்."

ஃபோன் வேண்டாம். காரணம் கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. இங்கே எழுதுகிறேன்: ஃபோன் என்றால் இவர் அழைப்பார், ஷெரன் அழைப்பாள், மாமி வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவா. எனக்கு வேண்டியது என்னைத் தெரியாத ஒருத்தர் என்னோடு கதைப்பது.

காரில் இருக்கிற பழைய ரேடியோவைத் தட்டிப் பார்த்தேன். எஃப்.எம். எண் 76இல் தொடங்கி 90இல் நிற்கிறது. ஜப்பானில் அவ்வளவுதானாம். இந்த ஊரில் எனக்கு வேண்டிய ஸ்டேஷன் எல்லாம் அதற்கு மேலே.

மே 12, செவ்வாய்
குளிர். கையுறை தேடினேன், ஒன்றுதான் கிடைத்தது.

ஃபாக்டரியில் சுப்பர்வைசர் கூப்பிட்டார். காலை ஷிஃப்டுக்கு டீம் லீடர் வேண்டும், ஆறு மணித் தொடக்கம். "நீ செய்வாயா?" பதினொரு வருஷத்தில் முதல் தரம் கேட்கிறார்கள். அடுத்த வெள்ளிக்குள் பதில். ஒரே நிபந்தனை, சொந்தக் காரில் வரவேண்டும். அந்த நேரத்தில் லின்ஃபீல்டில் இருந்து ஈஸ்ட் டாமாக்கிக்கு பஸ் இல்லை.

இத்தனை வருஷமும் இவர்தான் கொண்டுபோய் விடுகிறார். இவருடைய வேலை எங்கள் ஃபாக்டரிக்கு இரண்டு தெரு தள்ளி, எட்டரைக்கு. பின்னேரம் கேற்றடியில் நின்றால் வந்து ஏற்றுவார். மழை என்றாலும் நிற்பேன்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.

"உமக்கு மோட்டர்வே சரிவராது."

"ஏன்?"

"லொறியள் வரும்."

"எனக்கும் கண் இருக்கு."

"ரேடியோவும் பூட்டி, பாட்டும் கேட்டுக்கொண்டு... இஞ்சேரும், இருக்கிற வேலை காணும். சும்மா இரும்."

சும்மா இருக்கிறேனா? பார்ப்போம்.

மே 16, சனி
நியூ லினுக்குப் போனேன். மோலுக்குப் பின்னால், காருக்கு ரேடியோ பூட்டுகிற கடை. பாலா என்று ஒரு தமிழ்நாட்டுத் தம்பி. முதல் கேள்வி: "சார் வரலையாக்கா?"

"கார் என்ரை. சார் எதுக்கு?"

பாவம், முகம் சிவந்துவிட்டது. பிறகு ஒழுங்காகக் காட்டினார். வழி இரண்டு. ஒன்று, பழைய ரேடியோவுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பெட்டி. மேலே இருக்கிற ஸ்டேஷனைக் கீழே இழுத்துக் கொடுக்கும். "ஆனா எல்லாம் வராதுக்கா. நூறு தாண்டினா சந்தேகம்தான்." இரண்டாவது, முழு ரேடியோவையும் கழற்றிவிட்டுப் புதியது.

பாதிக்குப் பாதி வேண்டாம் என்றேன். வேண்டியது நூற்றுக்கு மேலேதான்: சனிக்கிழமைத் தமிழ் மணித்தியாலம், மற்றது சீனாவின் ஸ்டேஷன். சீனா என்றால் நாடு இல்லை, ஃபாக்டரியில் என் பக்கத்து மேசைச் சமோவாக்காரி. சாப்பாட்டு அறை ரேடியோவில் வேலை தொடங்க முதல் தேவாலயப் பாட்டு வைப்பாள். நூறு பேர் நான்கு குரலில். ஒரு சொல்லும் விளங்காது. கேட்டால் முதுகு நிமிரும்.

புதியதையே எடுத்தேன். தொடுதிரை இல்லாதது, பெரிய குமிழ் உள்ளது. பொருந்துகிற பிளாஸ்டிக் சட்டமும் வயர் கட்டும் சேர்த்து.

"திங்கக்கிழமை கொண்டு வாங்கக்கா, நானே ஃபிட் பண்ணித் தர்றேன்."

"நானே பூட்டுவன்."

"அக்கா, அந்த நீல வயர் மட்டும்..."

"தம்பி, நான் பதினொரு வருஷமா ஃபாக்டரியிலை வயர் முனையைத்தான் நசுக்கிக் கிரிம்ப் பண்ணுறன். ஒரு நாளைக்கு எத்தினை நீலம் பாக்கிறன் தெரியுமே?"

ஆமாக்கா, சரிக்கா என்று பையில் போட்டுத் தந்தார். வெளியே வந்த நடை, கடைக்குள் போன நடை இல்லை.

மே 17, ஞாயிறு
வெயில். காற்று இல்லை. நல்ல நாள்.

பாட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றினேன். பிளாஸ்டிக் சட்டத்தைச் சோற்றுக் கரண்டிக் காம்பால் கிளப்பினேன், துணி சுற்றி. நான்கு திருகாணி. பழைய ரேடியோ வெளியே வந்தது. அதோடு ஜப்பான்காரியும் போய்விட்டாள். சாவி திருப்பினால் முதலில் பேசுகிறவள் அவள்தான், மரியாதையாக ஏதோ சொல்லுவாள். மன்னித்துக்கொள் அம்மா, உன் வேலை முடிந்தது.

மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. தோலை உரித்து, முனை வைத்து, நசுக்கி, இழுத்துப் பார்த்தேன். என் கிரிம்ப் கழன்றதாக ஃபாக்டரிக்கு ஒரு பெட்டியும் திரும்பி வந்ததில்லை.

இவர் வாசலில் தேத்தண்ணியோடு நின்றார். எனக்குக் கொண்டுவரவில்லை.

"ஃபியூஸ் போகப்போகுது."

"போனால் மாத்துவன்."

"தீப் பிடிச்சா?"

"தள்ளி நில்லுங்கோ, உங்களுக்குப் படாது."

பாட்டரியைப் பூட்டி, சாவி திருப்பினேன். விளக்கு எரிந்தது! எண் ஓடியது. 90 தாண்டி, 100 தாண்டி.

சர்ர்ர்ர். எல்லா எண்ணிலும் சர்ர்ர்ர்.

இவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார், உள்ளே ஷெரனுக்கும் கேட்கிற மாதிரி: "ஒரு ரேடியோ பூட்டத் தெரியேல்லை. இவ போய் ஆக்களை மேய்க்கப் போறாவாம்."

ஆணிகளை எண்ணிப் பெட்டியில் போட்டேன். சமைக்கவில்லை. பாண் இருக்கிறது, தின்னட்டும்.

மே 18, திங்கள்
மூடுபனி. வழி முழுக்க இவர் செய்தி கேட்டார்.

முதல் பிரேக்கிலேயே சுப்பர்வைசரிடம் போனேன். வெள்ளி வரை எதற்கு? "செய்கிறேன்" என்றேன். இருபத்தைந்தாம் திகதி தொடக்கம். கையெழுத்தும் போட்டாயிற்று.

சொல்லிவிட்டு வாஷ்ரூமில் போய் நின்றேன். மோட்டர்வேயில் நான் தனியாக ஒரு தரமும் ஓடியதில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

இவருக்கு வீட்டில் சொன்னேன். "கேக்காமலே?" என்றார்.

"கேட்டனான். நீங்கள் சும்மா இரும் எண்டனீங்கள்."

மே 20, புதன்
மழை. வேலையில் நீல வயர், ஃபிரிஜ்ஜுக்குப் போகிற கட்டு. பதினொரு மணி இருக்கும். ஒரு நீலத்தை உரித்துக்கொண்டு இருந்த கை அப்படியே நின்றது.

நீலம்.

ரேடியோப் பெட்டித் தாளில் இருந்ததுதான்: அன்ரனாவுக்குக் கரண்ட் போகிற வயர். ஜப்பான் காரில் அன்ரனாவுக்கு உள்ளே சிக்னலைக் கூட்டுகிற ஒரு குட்டி பூஸ்டர் இருக்கும், அதற்குச் சாப்பாடு கொடுக்காவிட்டால் அது வேலை செய்யாது. என் ரேடியோவின் பின்னால் நீல வயர் மூடி போட்டபடி தொங்கிக்கொண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே ஒதுக்கி விட்டேன். தேவை இல்லாதது என்று.

பாலா சொல்ல வந்தது இதைத்தான். நான்தான் வாயை அடைத்தேன். விசரி!

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சீனா திரும்பிப் பார்த்தாள். சொன்னேன். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள், டீம் லீடர், டீம் லீடர் என்று. பிறகு என் கையில் ஸ்டேஷன் எண்ணை மாக்கரால் எழுதி விட்டாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றாமல் காரடிக்கு. கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சட்டம், ஆணி, நீலத்தோடு நீலம், ஒரே ஒரு கிரிம்ப். சாவி.

வந்தது. எல்லாம் வந்தது! ஹிந்தி, சீனம், யாரோ வீட்டு விலை பற்றிச் சண்டை, ரக்பி. கடைசியாகக் கையில் இருந்த எண். நூறு பேர், நான்கு குரல்.

குமிழைத் திருப்பினேன், சுற்றி முழுக்க. பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது. திறக்கட்டும்.

இவர் வெளியே வந்தார். "என்னண்டு வந்தது?"

"பூட்டத் தெரிஞ்சவ பூட்டினா வரும்."

நீல வயர்க் கதையை இவருக்குச் சொல்லமாட்டேன். பாலாவிடம் சொல்லத்தான் வேண்டும், அது நியாயம்.

மே 24, ஞாயிறு
பெந்தெகொஸ்தே. பூசையில் சுவாமி பல பாஷைகள் பற்றிப் பிரசங்கம். மேகம், மழை இல்லை.

மத்தியானம் ஒத்திகை ஓட்டம். இவர் தானாகவே வந்து பக்கத்துச் சீற்றில் ஏறினார். இடம் மாறி இருந்ததில் கால் வைக்க இடம் தெரியவில்லை அவருக்கு. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

ஹில்ஸ்பரோவில் மோட்டர்வே. ஏறுகிற இடத்திலேயே வேகம் கூட்டினேன். பக்கத்தில் லொறி, உண்மையிலேயே பெரிய லொறி. கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேலே ஒரு பார்வை, நுழைந்தேன். லொறிக்காரன் இடம் விட்டான். இதற்குத்தானா இத்தனை வருஷம் பயந்தது?

மாங்கரே பாலத்தில் பாட்டு.

"விளங்காத பாஷையிலை என்னத்தைக் கேக்கிறீர்?"

"காலமை சுவாமி சொன்னது விளங்கினதோ உங்களுக்கு?"

கொஞ்ச தூரம் போனதும் அவர் கை முன்னால் நீண்டது. குமிழுக்கு. பழக்கம், வேறொன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

"கையை எடுங்கோ."

சத்தம் போடவில்லை. கண்ணை ரோட்டில் இருந்து எடுக்கவும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பிப் போனது.

ஈஸ்ட் டாமாக்கி வரை பாட்டுத்தான். ஃபாக்டரி கேற்றடியில், நான் வழக்கமாய் நிற்கிற இடத்தில், காரைத் திருப்பினேன். அவர் அந்த இடத்தைப் பார்த்தார்.

"இதிலை கூரை இல்லையே," என்றார்.

"இல்லை."

"மழைக்கு என்ன செய்யிறனீர்?"

பதினொரு வருஷம் கழித்துக் கேட்கிறார். எனக்குக் கோபம் வந்தது. "நனையிறனான்," என்றேன்.

திரும்பி வரும்போது அவர் குமிழைத் தொடவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது மட்டும்: "உந்தப் பொம்பிளையளின்ரை குரல் நல்லாத்தான் இருக்கு."

மே 25, திங்கள்
மழை. சரியான மழை.

4.30 எழும்பினேன். குசினியில் ஃபிளாஸ்க், நான் வைக்காதது, தேத்தண்ணி ஊற்றி மூடி இறுக்கி. இவர் கட்டிலில் கண் மூடிக் கிடந்தார், நித்திரை இல்லை. ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வைப்பர் முழு வேகம். பாலத்தில் காற்று காரைத் தள்ளியது, இரண்டு கையாலும் பிடித்தேன். லொறிகள் தண்ணீரை அள்ளி அடித்தன. பயந்தேன். ஓட்டினேன்.

5.42. கார் பார்க்கில் முதல் கார் என்னுடையது. கேற்றடியில் மழை சும்மா விழுந்துகொண்டு இருந்தது, நான் நிற்கிற இடத்தில். எஞ்சினை நிறுத்தினேன், ரேடியோவை நிறுத்தவில்லை. பாட்டு பாதியில்.

ஃபோன் அடித்தது. இவர்.

பாட்டு முடியட்டும்.