வெள்ளச்சிக்குப் போட்ட ஊசி

இன்று காலை மலையடிவாரத்தில், பிணந்தின்னிக் கழுகுகளின் கூண்டுக்கு எதிரே கீற்று மறைப்பின் பின்னால் இருந்தவர்கள் ஐந்து பேர்: கால்நடை டாக்டரம்மா, வனக்காவலர் இருவர், தோல் மண்டி பாய், நான். அக்கா, அன்று நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் தன் உப்பு மூட்டையை வைத்திருந்தார். ஈரத்தோலும் கல்லுப்பும் கலந்த வாடை காற்றில் வந்ததும், அவர் மண்டியில் தோலுக்கு உப்புத் தடவிய நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மூட்டைதான்.

கூண்டுக் கதவைத் திறந்து வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பனி விலகி வெயில் ஏறியது. பிறகு இறக்கையில் மஞ்சள் பட்டை கட்டிய பெண் கழுகு வெளியே வந்தது. அதற்கு இரையாகப் போட்டிருந்த செத்த மாட்டருகே கொஞ்ச நேரம் நின்றது, கொத்தியது, நாலடி ஓடியது, எழும்பிவிட்டது. அதன் நிழல் மெதுவாக எங்கள் முகங்களின் மேல் நகர்ந்து போனது. அதன் பின்னால் இன்னும் நான்கு. கர்த்தாவே என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

இந்தக் கழுகுகளை முதல் முதலாகப் பார்த்தபோது நீங்கள் சொன்னது காதில் இருக்கிறது. "இன்னாடி இது, திருப்பதிக்குப் போய் மொட்ட போட்டுக்கினு வந்தா மாரி இருக்குது." பாய் சிரித்தார். "தோலு எனக்கு, மீதி அவங்களுக்கு. கூட்டு யாவாரம், அம்மா."

எங்கேயோ கூண்டிலேயே முட்டையிட்டு, கூண்டிலேயே பொரித்து வளர்த்தவை. வருடத்துக்கு ஒரு ஜோடிக்கு ஒரே முட்டை. வானத்தில் விட்டால் மட்டும் போதாது, தின்னும் மாடும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா நம் தெருவில் வந்து சொன்னார். மனிதர்களுக்கான வலி ஊசியை மாட்டுக்குப் போட்டு, அந்த மாடு செத்தால், அதைத் தின்கிற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். அன்று நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். வாரம் இரண்டு நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த கை. "எனக்கு வந்த நோவு அதுங்களுக்கு வேணாம்" என்றீர்கள். மறுநாளே உங்கள் கிழட்டுப் பசு வெள்ளச்சியின் நெற்றியில் மஞ்சள் பூசி, ஆட்டைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதுபோல அதைக் கழுகுகளுக்கு நேர்ந்துவிட்டீர்கள். விற்கக் கூடாது, வலி ஊசி கூடாது, தானாகச் சாகும்போது சாகட்டும்.

தெருவில் எந்த மாட்டுக்கு என்றைக்கு என்ன மருந்து என்று எழுதும் நோட்டு என்னிடம் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல், வேதாகமத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டியவள் நான். ஒரு வரி விட்டதில்லை.

ஒரு வரி விட்டேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று வெள்ளச்சி தொழுவத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போகவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை அது கதறிய கதறல் என்னால் தாங்க முடியவில்லை. ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடும் ஊசிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பையிலிருந்து எடுத்தது அந்த வலி ஊசிச் சீசாதான் என்று தெரிந்தும், "போடுங்க" என்றேன். மாடு அடங்கியது. மறுநாள் செத்தது. நோட்டில் அந்த நாளைக் காலியாக விட்டேன். பாய் தோலை உரித்தார், மாட்டைக் கழுகுக் கூண்டுக்கு ஏற்றிப்போக டிராக்டர் வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த உங்களோடு நானும் ஏறிக்கொண்டேன்.

அன்றும் இதே மறைப்பில்தான் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தாயிற்று. நீங்கள் என் காதில் கேட்டீர்கள்: "நோட்டுல எல்லாம் சரியா இருக்குதாடி?"

இதே மஞ்சள் பட்டைக் கழுகு கூண்டு வாசலுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஊசி போட்டதைச் சொன்னேன்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. எழுந்தீர்கள். மூச்சுகூட விடக் கூடாது என்று எல்லோரும் பதுங்கியிருக்க, முந்தானையை வீசிக்கொண்டு வெட்டவெளியில் நடந்து போய் வெள்ளச்சியின் முன்னால் நின்றீர்கள். கழுகு கூண்டுக்குள் ஓடியது. ஒரு வருட ஏற்பாடு அந்த ஒரு நிமிடத்தில் கலைந்தது.

"ஊசி நான்தான் போடச் சொன்னேன். ஆஸ்பத்திரில இருந்து போன்ல சொன்னேன். இவளுக்குத் தெரியாது."

வனக்காவலர் ஒருவர், "மஞ்ச பூசுற கையி ஊசியும் போடச் சொல்லுது" என்று முணுமுணுத்தார். நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

டிராக்டரில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "உன் நோட்ட நம்பித்தான் அதுங்க வெளிய வரணும். நோட்டு மேல சந்தேகம் வந்தா எல்லாம் போச்சு. எம் பேரு போனா போவுது, நான் இன்னும் எத்தினி நாளு. வாயத் தொறந்த, எம்மேல ஆணை." நான் தலையாட்டினேன். மூன்று மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

அக்கா, அதற்குப் பிறகு ஒரு கனவு அடிக்கடி வருகிறது. வெட்டவெளியில் நீங்கள் முந்தானை வீசி நிற்கிறீர்கள். கழுகுகள் பயப்படாமல் உங்களைச் சுற்றி ஒவ்வொன்றாக இறங்குகின்றன. சத்தமே இல்லை. நான் மறைப்புக்குள்ளேயே இருக்கிறேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை.

இன்று ஐந்தும் பறந்த பிறகு டாக்டரம்மா என்னிடம் வந்தார். அடிவாரத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நோட்டை நான்தான் எழுத வேண்டுமாம். நான் எழுதினால்தான் மாட்டை எடுப்பார்களாம். "அந்தம்மா மாதிரி நீங்க ஏமாத்த மாட்டீங்க" என்றார். நன்றாக நினைத்துத்தான் சொன்னார். அவர் நீட்டிய புது நோட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்து, காலியாக விட்ட அந்த நாளில் ஊசியின் பெயரையும், போடச் சொன்னது யார் என்பதையும் எழுதிவிட்டேன். எழுதினேனே தவிர யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் உங்கள் பெயர் மீளும். எனக்கு இந்த வேலை கிடைக்காது, ஒருவேளை நம் தெரு மாடுகளையும் கழுகுகளுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். காட்டாமல் புது நோட்டில் முதல் வரி எழுத என் கை வராது. ஆனால் ஆணை உங்கள் மேல் இருக்கிறது. அதை நானாக அவிழ்க்க முடியாது.

திங்கட்கிழமை டாக்டரம்மா வருகிறார். கனவிலாவது வந்து, சொல் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும், அக்கா.