பம்மாத்துக்காரி

அம்மா,

நேற்று யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண், சேலையைப் புகழ்ந்துகொண்டேயிருந்த கடைக்காரரிடம், "உந்தப் பம்மாத்தை விட்டிட்டு விலையைச் சொல்லும் தம்பி" என்றார். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை.

அந்தச் சொல் உங்கள் வாயில் ஒவ்வொரு முறையும் வேறாக ஒலிக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்க நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், "என்ரை பம்மாத்துக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளுவீர்கள். இனிக்க இனிக்கப் பேசி மாமாவை வெளிநாட்டு ஆசை காட்டி ஏமாற்றிய தரகரைப் பற்றிப் பேசும்போது, அதே சொல்லைத் துப்புவீர்கள். மணப்பெண் அலங்காரம் உங்கள் தொழில். புத்தூரில் ஒரு கல்யாண வீட்டில், அழுது வீங்கிய முகத்தோடு இருந்த பெண்ணை நீங்கள் அலங்கரித்து எழுப்பியதும், அவளுடைய தாய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இது என்ரை பிள்ளையோ?"

"ஓம் அக்கா. கொஞ்சம் பம்மாத்து, மிச்சமெல்லாம் அவளின்ரை வடிவுதான்" என்றீர்கள். அன்று அந்தச் சொல்லில் எவ்வளவு பெருமை!

பிறகு நான் படிப்புக்காக மட்டக்களப்புக்குப் போனேன். இறுதித் தேர்வு நெருங்கிய மாதங்களில் பின்னேரந்தோறும் காணொளியில் வருவீர்கள். கண்ணில் மை, உதட்டில் மெல்லிய சாயம்.

"என்னம்மா, வரவர வடிவாகிறியள்?"

"உனக்குப் பொறாமையடி."

இருவரும் சிரித்தோம். தலையில் இருந்தது பொய்முடி என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வு முடிந்த அன்றே அப்பா அழைத்தார். "பிள்ளை, உடனை வெளிக்கிட்டு வா." ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாயம் எதுவுமில்லாத உங்களைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினீர்கள். அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். பேச முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் விடிய நீங்கள் இல்லை.

செத்தவீடு முடிந்த பிறகுதான் அப்பா சொன்னார்: "புற்றுநோய் எண்டு உனக்கு நான் சொல்லுவம் எண்டனான். சோதினை குழம்பிடும் எண்டு அவ விடேல்லை. உன்னோடை கதைக்கவெண்டு மத்தியானத்திலையிருந்து பூசிக்கொண்டிருப்பா. ஃபோனை வைச்ச உடனை சரிஞ்சிடுவா."

இந்தப் பம்மாத்தை நான் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது, அம்மா? என் படிப்பைக் காப்பாற்றினீர்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் இருந்து கால் பிடித்துவிட, கஞ்சி பருக்க எனக்குரிய நாட்கள் இருந்தன. அவற்றை என்னிடம் கேட்காமலே எடுத்துவிட்டீர்கள். கோபிக்கத் தொடங்கினால் அழுகைதான் வருகிறது.

இப்போது வீட்டுக்குக் கிட்ட உள்ள வேலையிடத்திலிருந்து மத்தியானத்தில் அப்பாவைக் காணொளியில் அழைக்கிறேன். இன்று மழித்த முகத்தோடு, வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாச் சாப்பிட்டனான் பிள்ளை."

"பம்மாத்து விடாதேங்கோ அப்பா. ஃபோனை அடுப்படிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

ஃபோனைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். கழுவிக் கவிழ்த்த சட்டி காய்ந்து கிடந்தது; அடுப்பு மூட்டப்படவே இல்லை.

"இருங்கோ," என்றேன், "சோறு வாங்கிக்கொண்டு வாறன்."