சென்டர் ஸ்பீக்கரில் அத்தை

மார்ச் 3, செவ்வாய்

டப்பிங் முடிந்தது. எட்டு பாகத் தொடர். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கவில்லை, அந்த யோகமெல்லாம் நமக்கு ஏது. ஆனால் மலைமேல் பழைய விடுதி நடத்தும் ஒரு கிழவி, கதையையே ஆட்டிவைக்கிறவள், அவளுக்கு முழுக்க முழுக்க நான்தான். இத்தனை வருடமாகக் கூட்டத்தில் கத்தியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரியாக எட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை ஆட்டுக்குட்டியாகக்கூட 'மே' என்றிருக்கிறேன். இதில்தான் முதல் முறையாகப் பெயர் போடப் போகிறார்கள்.

சொன்னதும் இவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "பதிமூணாம் தேதி எல்லாரும் ஒண்ணா உக்காந்து நம்ம ஹோம் தியேட்டர்ல பாக்கிறோம்! அக்காவையும் வரச் சொல்றேன்!"

நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்தக் கிழவிக்கு நான் போட்டிருப்பது அத்தையின் குரல். என் மாமியாரேதான்.

முதல் நாள் ஒலிப்பதிவில் எதுவுமே ஒட்டவில்லை. கரகரவென்று ஒரு குரல், நடுங்குகிற மாதிரி ஒரு குரல்... டப்பிங் இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சினிமாப் பாட்டி வேணாம்மா. நெஜமா ஒரு பொம்பளை வேணும்." அடுத்த டேக்கில் வாயைத் திறந்தேன், அத்தை வந்துவிட்டார்.

அத்தை மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், இறக்குவார். லேசாக ஒரு செருமல், கொஞ்சம் மௌனம், அப்புறம் தாழ்ந்த குரலில், "சரிம்மா. உன் இஷ்டம்." அவ்வளவுதான். எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் வாலைச் சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"எங்க புடிச்சே இந்தக் குரலை?" என்றார் இயக்குநர். "சும்மா தோணுச்சு சார்." எட்டு பாகமும் அப்படியே போய்விட்டது.

அத்தைக்குக் கேலி பிடிக்காது. நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். பெற்ற மகள்தான், ஆனாலும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நானோ மருமகள். என்னை முதல் முதலில் டப்பிங்குக்குப் போகச் சொன்னதே அத்தைதான். "நீ போயிட்டு வா, அடுப்பை நான் பாத்துக்கிறேன்" என்றார். அவரை நான் ஊர் முன்னால் கிண்டல் பண்ணிவிட்டேன் என்று நினைத்துவிட்டால்? தாங்க மாட்டேன்.

ஒரே ஆறுதல், இவருடைய ஹோம் தியேட்டர். அதில் குண்டு வெடித்தால் சமையலறைத் தட்டு ஆடும். மனிதர் பேசினால் போர்வைக்குள்ளிருந்து முணுமுணுக்கிற மாதிரிதான் இருக்கும். தாழ்ந்த குரல் என்றால் சுத்தம். அதை நினைத்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மார்ச் 7, சனி

போச்சு.

"உன் குரல் ஒரு வார்த்தை விடாம கேக்கணும்," என்று இவர் டார்ச்சோடு டிவி கேபினெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கை மணந்தால் இப்படித்தான், ஒன்று கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் சோறு இறங்காது. படத்தில் வரும் பேச்சில் முக்கால்வாசி டிவிக்குக் கீழே இருக்கிற சென்டர் ஸ்பீக்கரில்தான் வருமாம். எங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது? அலமாரியின் அடி ஆழத்தில், கல்யாண ஆல்பங்களுக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. தூசி படியும் என்று தினமும் அந்தக் கதவைச் சாத்துவது அத்தை.

"அத்தை சொல்றது சரிதானேங்க, தூசி படியுமே" என்றேன்.

இவர் தலையை வெளியே எடுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த விஷயத்தில் நான் மாமியார் பக்கம் நின்றதே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

நாள் முழுக்க வேலை. ஆல்பங்கள் பீரோவுக்குப் போய்விட்டன. ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, முன்பக்கம் இரண்டு அழிரப்பரை முட்டுக் கொடுத்து, அது சோபாவில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தினார். மூலையில் உறுமிக்கொண்டிருந்த சப்வூஃபரை, அந்தக் குண்டுச் சத்தப் பெட்டியை, வெளியே நகர்த்தி அதன் கொட்டத்தை அடக்கினார். எதிரொலிக்கிறதென்று வெறும் தரையில் கம்பளம் விரித்தார். கடைசியில் பார்த்தால், ஒலி அமைப்பு வாங்கிய நாளிலிருந்து 'ஸ்டேடியம்' என்பதிலேயே இருந்திருக்கிறது. வைத்தது யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதை மாற்றி, சென்டர் ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் மூன்று புள்ளி ஏற்றினார்.

செய்தி போட்டார். வாசிக்கிற பெண் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"அட, இந்தப் பொண்ணு இத்தனை நாளா தமிழ்தான் பேசிட்டிருந்தாளா?" என்றார் அத்தை.

விழுந்து விழுந்து சிரித்தேன். பாதியில் பதிமூன்றாம் தேதி ஞாபகம் வந்தது.

மார்ச் 11, புதன்

இவர் வேலைக்குப் போனதும் சென்டரை மூன்று புள்ளி இறக்கி வைத்தேன். மாலை வந்த உடனே கண்டுபிடித்துவிட்டார். "எலி ரிமோட்ட மிதிச்சிருக்கும்" என்றேன். எங்கள் வீட்டில் எலி கிடையாது.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிடலாம் என்று அத்தை காய் நறுக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தை. உப்பு எடுக்க வந்தேன்."

என்ன ஜென்மம் நான்!

மார்ச் 13, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

சோபாவில் அத்தை, பக்கத்தில் நாத்தனார், ஓரத்தில் நான். இவர் நாற்காலியில், டீப்பாய் மேல் காலை நீட்டிக்கொண்டு. கிழவி வருகிற காட்சி வந்தது. பேத்தி விடுதியை விட்டுப் போகிறேன் என்கிறாள். கிழவி கரண்டியைக் கீழே வைக்கிறாள். ஒரு செருமல். மௌனம். "சரிம்மா. உன் இஷ்டம்."

காதோரம் சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவு! இவர் சட்டென்று டீப்பாயிலிருந்து காலை எடுத்துவிட்டார். நிஜமாக. பழக்க தோஷம். எடுத்த பிறகுதான் டிவியையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருப்பிப் போடு."

போட்டார். "இன்னொரு தடவை."

என் பக்கம் திரும்பினார். "இது நீ பேசினதா?"

"ஆமா அத்தை."

"என்னைய மாதிரி."

"கேலி இல்ல அத்தை, சத்தியமா இல்ல! என்னென்னமோ பேசிப் பாத்தேன். வேற எந்தக் குரலும் அந்தம்மாவுக்கு ஒட்டலை."

அத்தை திரையில் நின்றுபோயிருந்த கிழவியின் முகத்தைப் பார்த்தார். "நான் இவ்ளோ நேரமெல்லாம் நிறுத்த மாட்டேன்."

"நீ நிறுத்துவேம்மா," என்றார் இவர்.

லேசாக ஒரு செருமல். மௌனம். "சரிப்பா. உன் இஷ்டம்."

பிறகு முதலில் சிரித்தது அத்தைதான். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, நாத்தனார் மேல் சாய்ந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கடைசியில் என் பெயர் ஓடியபோது "நிறுத்து, நிறுத்து" என்று எழுந்து கிட்டே போய்ப் படித்தார்.

மார்ச் 14, சனி

காலையில் குளியலறையிலிருந்து செருமல் சத்தம். கொஞ்சம் மௌனம். மறுபடி செருமல். அத்தை பழகிக்கொண்டிருக்கிறார்!

மார்ச் 22, ஞாயிறு

அத்தையோடு வேலை பார்த்த நர்ஸம்மாக்கள் மூன்று பேர் தொடர் பார்க்க வந்திருந்தார்கள். அத்தைதான் அழைத்திருக்கிறார். கேபினெட்டின் கண்ணாடிக் கதவை அவரே அகலத் திறந்தார். ஸ்பீக்கரை ஈரத்துணியால் துடைக்கப் போனவரை இவர் பாய்ந்து தடுத்து உலர்ந்த துணி கொடுத்தார். பிறகு அத்தை ரிமோட்டை எடுத்து, சென்டரை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றினார்.

"அம்மா, அது நான் அளவு பாத்து வச்சது..."

அத்தை செருமினார். இவர் பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கிழவி கரண்டியைக் கீழே வைக்கும் காட்சி. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸம்மா, "ஏன்டி, உன் மருமக எங்க பேசுறா?" என்று ஆரம்பித்தார். அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"செத்த சும்மா இருடீ. நான் பேசிட்டிருக்கேன்ல."