எல்லா விளக்குக்கும் ஒரே வட்டம்

அன்புள்ள பேத்தி சிட்டுவுக்கு,

பாட்டி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உன் சுகம் எப்படி என்று போனில் கேட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது, அதனால் விசாரிக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உன் அப்பா. எனக்குக் கண்ணில் புரை, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள், துணைக்கு ஆள் இல்லை, உடனே கிளம்பி வா என்று எழுத வேண்டுமாம். "போன்ல சொன்னா அவ நம்ப மாட்டாம்மா, நீ உன் கையால எழுது" என்று பேப்பரையும் பேனாவையும் தையல் மிஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனான். புரை உண்மை. ஆபரேஷன் உண்மை. மற்றதெல்லாம் அவன் கைச்சரக்கு. நீ வராதே.

அவனைத் திட்டாதே. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "பாட்டிக்குக் கண்ணு தெரியலைன்னு வந்தா, தோத்துட்டு வந்துட்டாள்னு ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்" என்றான். உனக்காகத் தன் சிநேகிதன் ஆபீசில் ஒரு நாற்காலிகூடப் பேசி வைத்திருக்கிறான். எல்லாம் பாசம்தான். ஆனால் நீ ஒளிந்துகொள்ள என் கண்ணைத் திரையாகத் தைத்துத் தர மாட்டேன். வேறு எது வேண்டுமானாலும் தைத்துத் தருகிறேன்.

உன் பேராசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். நீ அழுதுகொண்டே சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முந்தைய உன் கவிஞன், படம் போட்டு அந்தப் படத்துக்குள்ளேயே பாட்டும் எழுதியவன், தெருவில் போகிறவர்களைச் சுற்றி ஒளி தெரிகிறது என்று சொன்னான். அது கண்ணிலோ மூளையிலோ இருந்த நோய் என்று நீ எழுத வேண்டும் என்கிறார் பேராசிரியர். எழுதினால் பட்டம், எழுதாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் குப்பை. நீ மாட்டேன் என்றாய். சபாஷ். அதோடு நிறுத்தாமல், எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வந்துடறேன் பாட்டி என்றாயே, அங்கேதான் எனக்குக் கோபம்.

உன் கவிஞனுக்குக் கிறுக்கன் என்று பேர் வைத்ததே நான்தான், மறுக்கவில்லை. அவன் போட்டதென்று நீ அனுப்பிய படத்தைத் தையல் கடையில் பிரித்தபோது, சுமைக்காரன் தலையைச் சுற்றி இருந்த மஞ்சள் வட்டத்தை டீ கிளாஸ் கறை என்று நினைத்து ஈரத் துணியால் தேய்த்தேனே! "படிச்ச பொண்ணு, படத்து மேலயா கிளாஸை வைப்பே?" என்று உன்னைத் திட்டவும் திட்டினேன். போனில் நீ சிரித்த சிரிப்பு எதிரில் இருக்கிற பொத்தான் கடை வரைக்கும் கேட்டது.

அப்புறம் அதைச் சட்டம் போட்டு இஸ்திரி மேஜைக்கு மேலே மாட்டினேன், பேத்தி அனுப்பினாள் என்பதற்காக மட்டும். கடைக்கு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "ஏன் பாட்டி, இதுல இருக்கிற ஆளுங்க துணியில தையலே காணோமே, நீங்க தச்சதா?" என்று பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். "உங்க பேன்ட் பின்னாடியும்தான் காணோம், கழட்டிக் குடுத்தனுப்புங்க" என்றேன்.

அந்தப் படத்தில் துணி காயும் கொடி நெடுக எழுதியிருக்கும் பாட்டை நீ தமிழில் சொன்னாய். சூரியன் வந்து என்னை எழுப்புவதில்லை, நான் பார்த்த பிறகுதான் எதற்குமே விடிகிறது என்று. காலையில் கடை திறக்க வேண்டியவனாக இருந்தால் இப்படி எழுதமாட்டான் என்று அப்போது சொன்னேன்.

இப்போது கேள். கொஞ்ச நாளாக எனக்கே வட்டம் தெரிய ஆரம்பித்தது. கடை பல்பைச் சுற்றி, தெரு விளக்கைச் சுற்றி, வெளுப்பாக ஒரு வளையம். கண் டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுதாம்மா? புரை முத்தினா அப்படித்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் பேராசிரியர் சொன்னது சரியா? கிறுக்கனுக்கும் புரைதானா? என் பேத்தி ஏமாந்துபோனாளா? வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தேன். படத்தைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் வைத்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

என் நோய் ஆள் பார்க்காது, சிட்டு. எல்லா விளக்குக்கும் ஒரே வட்டம். ஆஸ்பத்திரி பல்புக்கும் அதேதான், சாராயக் கடை பல்புக்கும் அதேதான். விளக்கு இல்லாத இடத்தில் வட்டமும் இல்லை. அவன் படத்தைப் பார். சுமைக்காரனுக்குத் தலையைச் சுற்றி இருக்கிறது. துணி துவைக்கிறவளுக்குத் தலையில் இல்லை, இரண்டு கையிலும் இருக்கிறது. நாய்க்குக்கூட வாலருகே சின்னதாக ஒன்று. குதிரை வண்டியில் போகிற பெரிய மனிதருக்கு மட்டும் கிடையாது. அந்தத் தெருவிலேயே அவர் வண்டியில்தான் நிஜமான விளக்கு எரிகிறது, அதைச் சுற்றியும் ஒன்றையும் காணோம்! எந்த நோய் இப்படி ஆள் பார்த்துக் கொடுக்கும்? நன்றாகப் பார்த்து, இவனுக்கு வேண்டும், இவருக்கு வேண்டாம் என்று முடிவு செய்து போட்டிருக்கிறான். திமிர் பிடித்தவன். எனக்குப் பிடித்துவிட்டது.

துவைக்கிறவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சலவைச் சோடாவில் ஊறி வெடித்த கை. அந்தத் தெருவில் அதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் பார்த்த பிறகுதான் அந்தக் கைக்கு விடிந்திருக்கிறது. கொடியில் எழுதியிருக்கிற பாட்டு அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

என் புரையைப் பேராசிரியரிடம் சாட்சிக்குக் கூப்பிடாதே, சிரிப்பார். நீ படித்ததை வைத்து நீ சண்டை போடு. இவர் இல்லையென்றால் இன்னொருவர், அந்தக் கல்லூரி இல்லையென்றால் வேறொன்று. அவருக்குப் பிடித்தபடி எழுதாதே. அதற்காக எழுதாமலும் வந்து நிற்காதே.

உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். "அந்த ஆள் உனக்கு யாரும்மா, சொந்தமா?" என்று கத்தினான். "ஆமாடா, பேத்தி வழியில சொந்தம்" என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குக் கொண்டுவந்து டொக்கென்று வைக்கிறான்.

அடுத்த வாரம் ஆபரேஷன். பொத்தான் கடைக்காரி துணைக்கு வருகிறாள். அவள் வாய்க்கு நர்சுகளே பயப்படுவார்கள், எனக்கென்ன குறை? கண் கட்டைப் பிரிக்கும்போது முதலில் தெரிவது அவள் முகமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

வரிகள் கோணலாகப் போயிருக்கும். துணியாக இருந்தால் பிரித்துத் தைப்பேன். எவ்வளவு தெரியும் என்று டாக்டரம்மாவைக் கேட்டால், பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்கிறார். நீ தமிழிலும் அவனைப் பற்றி ஒரு புத்தகம் போடுவேன் என்றாயே, அதில் எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கண்ணு. கொஞ்சம் சீக்கிரமாகவும் இருக்கட்டும்.

தலை நிமிர்ந்து நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பாவையும் பெற்றவளான
பாட்டி