கருமாதிக்கு ஜெர்சி போட்டு வந்தவர்கள்

தா.பழூர்
12.10.2004

அன்பு மகன் குருமூர்த்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறோம். அரியமுத்து மாமா செத்த சேதியைச் சொன்னபோது போனிலேயே அழுதாய், அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அழுதது போதுமடா. ஞாயிற்றுக்கிழமை கருமாதி முடிந்தது, நடந்ததைப் படித்தால் நீ சிரிப்பாய்.

மாமா கபடி ஆடிய காலத்தில் அவர் பாடிப் போனாலே எதிரணி முழுக்கப் பின்கோட்டுக்கு ஓடும் என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முட்டி போன பிறகு நம் ஊர் கபடி டீமுக்கு மேனேஜர் ஆனார். ஜெயித்து வந்தால் வழியெல்லாம் திட்டு, தோற்று வந்தால் அரியலூரில் இறக்கி வயிறு முட்டப் புரோட்டா, இப்படி ஒரு மேனேஜரை எந்த ஊரும் பார்த்திருக்காது. புரோட்டாவுக்காகவே நீங்கள் தோற்றீர்களோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான். வீட்டை ஒட்டிய தன் நிலத்தை உங்களுக்கு மைதானமாக விட்டிருந்தாரே, அதற்குத்தான் ஆபத்து வந்தது. அவர் மகன் தர்மராஜ், கருமாதி முடிந்த மறுநாளே அதில் தைலமரம் வைப்பதென்று திருப்பூரிலிருந்து வந்த கையோடு கன்றுகளை வாங்கி இறக்கிவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது, சும்மா கிடக்கிற நிலம்தானே. புருஷன் போன துக்கத்தில் ஜானகி அத்தை மூலையோடு உட்கார்ந்துவிட்டாள். மைதானம் போச்சு என்று உன் அப்பா சோறு இறங்காமல் கிடந்தார்.

அந்த நிலைமையில் அவரிடம் கருமாதி நோட்டீஸ் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். கபடிப் போட்டிக்கு எழுதியே பழகிய மனுஷன். கருமாதி என்று எழுதக் கை வரவில்லையாம், மேனேஜர் அரியமுத்து நினைவாக ஞாயிறு காலை அவரது மைதானத்தில் அனைத்து அணிகளும் தவறாது கலந்துகொள்ளவும், மதிய உணவு உண்டு என்று எழுதி, அச்சடித்து, ஊர் ஊராக ஒட்டியும் விட்டார். சொந்தக்காரர்களுக்கு ஆள் விட்டுச் சொல்லியாயிற்று என்று யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. காரியம் நடந்துகொண்டிருக்கும்போது குன்னத்திலிருந்து ஒரு வேன், செட்டிகுளத்திலிருந்து ஒரு டெம்போ, எல்லாரும் ஜெர்சியும் டிராயருமாக இறங்குகிறார்கள். பந்தலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த தர்மராஜைப் பார்த்ததும்தான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது. தர்மராஜ் போட்ட சத்தத்தில் உன் அப்பா சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குன்னத்து கேப்டன் பாவம், தெரியாம வந்துட்டோம்ங்க, கும்பிட்டுட்டுக் கெளம்பிடறோம் என்று கை கூப்புகிறான். மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய அத்தை எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். ஆட வந்தவங்கள ஆடாம அனுப்புனா அந்த மனுசன் என்னைய சும்மா வுடுவாரா, கோட்டப் போடுங்கடா என்றாள் பார்.

சுண்ணாம்பு இல்லை, சமையல் அடுப்புச் சாம்பலை அள்ளித்தான் கோடு போட்டார்கள். நம் டீமில் ஓர் ஆள் குறைந்தது, நீதான் சிங்கப்பூரில் இருக்கிறாயே. கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்ற தர்மராஜ் என்ன நினைத்தானோ, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். முதல் தடவை பாடிப் போனபோதே காலைப் பிடித்துக் குப்புறத் தள்ளிவிட்டார்கள். மொட்டைத் தலையெல்லாம் மண்ணோடு எழுந்தான், அப்பா செத்ததிலிருந்து சிரிக்காத பிள்ளை அப்படிச் சிரித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாம் தோற்றுத்தான் போனோம். மறுநாள் காலையில் அத்தை, தைலமரக் கன்ன எல்லாம் எங்கடா வைக்கப்போற என்று கேட்டாள். வேலியோரமா வச்சுடறேம்மா, ஆடுறவங்களுக்கு நெழலாச்சு என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். உன் அப்பா அன்றைக்கு மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு மேட்ச் வைத்திருக்கிறார்கள். மேனேஜர் யார் என்று பசங்கள் கேட்டதற்கு அத்தை, யார எடுக்குறது யார உக்கார வைக்கிறதுன்னு இத்தன வருசமும் அவரு எங்கிட்டதானடா கேட்டுட்டு வருவாரு, நானே பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டாள். உன்னை உட்கார வைத்ததெல்லாம் யார் என்று இப்போது தெரிகிறதா?

செட்டிகுளத்து முருகன் உனக்கு நல்ல ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். மழையில் நனையாதே. இப்போதே லீவு சொல்லி வை. தொப்பையைக் கரைத்துக்கொண்டு வா, மாமாவாவது மனசு இளகி டீமில் எடுத்திருப்பார், அத்தையிடம் அது நடக்காது.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
சின்னம்மாள்